ரஞ்சிதத்துக்கு வாசித்த வருடம்

ஜனவரி 5

சென்ற வருட டைரியில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள். இந்த வருடமாவது படித்த புத்தகங்களைப் பற்றிக் குறித்து வைக்க வேண்டும். எங்கள் திண்டுக்கல் வாசகர் வட்டத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருவர், அந்த ஆண்டு தனக்குப் பிடித்த நாவல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். வரும் டிசம்பர் என் முறை என்று தலைவர் அந்தோணிராஜ் நேற்று அறிவித்துவிட்டார். நான் சரித்திர மர்ம நாவல்களைப் பற்றித்தான் பேசுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். மின்வாரியத்தில் வேலை பார்த்தபோதே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கொலை, வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஒரு புதையல் என்று படித்தவன்.

என் மனைவி மனோரஞ்சிதம் படிப்பதெல்லாம் காதல் கதைகள். வாடகை நூலகத்திலிருந்து வாரம் மூன்று எடுத்து வருவாள். சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒன்று கிடக்கும். "அதைப் பத்தியும் பேசுங்களேன்" என்றாள். "அழுமூஞ்சிக் கதைக்கெல்லாம் அங்க மைக் குடுக்க மாட்டாங்க" என்றேன்.

பிப்ரவரி 11

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இடுப்பு வலி.

காலையில் ரஞ்சிதம் புத்தகத்தைக் கொண்டு வந்து நீட்டினாள். "ஏங்க, வரியெல்லாம் வளைச்சு வளைச்சு அச்சடிச்சிருக்கான் பாருங்க." வாங்கிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. "கதையே கோணல், வரி மட்டும் எப்படி நேரா இருக்கும்?" என்றேன். சிரித்தாள்.

மார்ச் 2

நாயக்கர் காலத்துக் கதை ஒன்று, 'மூன்றாம் மணியோசை'. பிரமாதம். கோயில் மணியடிப்பவன் காணாமல் போகிறான், ஆனாலும் மணி அடிக்கிறது. கீழே வைக்க மனம் வரவில்லை.

ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறதா என்று ரஞ்சிதம் இரண்டு தடவை கேட்டாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கம்பி எங்கே வளையப் போகிறது? "ஒரு தடவை கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவோமா?" என்றாள். மகள் தேன்மொழி கோடை விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வருவாள், அப்போது மதுரைக்குக் காரிலேயே போய்விடலாம் என்றேன். "அதுவரைக்கும் அந்தக் குப்பையைப் படிக்காம இரு, எல்லாம் சரியாப் போயிரும்."

கடைவீதியில் பவர் கூடின ரெடிமேட் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 9

மோட்டார் ரிப்பேர், மெக்கானிக் வரவில்லை. ரஞ்சிதம் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை. சொன்னதைக் கேட்கிறாள்.

மே 6

பக்கத்து வீட்டுப் பெண் ரஹ்மத் மதியம் வந்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டது. "அண்ணே, அக்கா என் முகத்தைப் பாத்துப் பேசவே இல்ல. தோளைப் பாத்துப் பேசுது. டீயை டம்ளருக்கு வெளிய ஊத்துது. நீங்க கவனிக்கலையா?"

கவனித்தேன் என்றுதான் சொன்னேன். நாளை மதுரை போகிறோம்.

மே 7

காலையில் கிளம்பி மாலை திரும்பினோம். ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம்.

டாக்டர் சின்னப் பெண். வெகுநேரம் இரண்டு கண்ணுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார், "எப்ப இருந்தும்மா வரி வளைஞ்சு தெரியுது?"

நான் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு பத்து நாளா இருக்கும்" என்றாள் ரஞ்சிதம்.

"பத்து நாளா? உள்ள பாத்தா அப்படித் தெரியலையே." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

விழித்திரையின் நடுப்பகுதியில் இரத்தக் கசிவாம். இடது கண்ணில் வடு விழுந்துவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வலது கண்ணில் மாதா மாதம் ஊசி போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். ஓரங்கள் தெரியும், நேரே பார்க்கிறது தெரியாது. "முகம் அடையாளம் தெரியறது கஷ்டம். படிக்கறது..." என்று சொல்லி டாக்டர் நிறுத்தினார். அப்புறம், "ஆரம்பத்துலயே வந்திருந்தா நிறைய மிச்சம் பிடிச்சிருக்கலாம்" என்றார். முதல் ஊசி இன்றே போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தவில்லை.

பத்து நாள் என்று ஏன் சொன்னாள் என்று கேட்கவில்லை. பேருந்தில் பேச முடியாத அளவுக்குக் கூட்டம்.

மே 8

தேன்மொழி போனில் அழுதாள். "நல்ல வேளப்பா, தெரிஞ்ச உடனே கூட்டிட்டுப் போயிட்டீங்க. சில வீட்ல கண்டுக்கவே மாட்டாங்க."

"ஆமாம்மா" என்றேன்.

ஜூன் 1

வாடகை நூலகத்துக்குப் போய் அவள் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர், "அம்மா வரலையா? அவங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்று 'நீ ஏறிய பேருந்து' என்ற நாவலை மேசைக்கடியிலிருந்து எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாலையில், "நான் வாசிக்கவா?" என்று கேட்டேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உங்களுக்குப் பிடிக்காதே."

"பரவால்ல."

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி கமிஷன் கடை வைத்திருக்கும் மாதவனுக்கு நாற்பத்திரண்டு வயது, பெண்டாட்டி இறந்தவன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் கயல்விழி. இருவரும் தினமும் ஒரே பேருந்தில் போகிறார்கள். இவ்வளவுதான் கதை. முதல் அத்தியாயம் முடிவதற்குள் எனக்கு மூன்று கொட்டாவி.

ஜூன் 10

வர்ணனைகளைத் தாண்டி விடுகிறேன். மழை, மல்லிகை, அவள் கண், அவன் மௌனம். ஒரு பக்கம் வாசித்து இரண்டு பக்கம் விட்டால் கதை ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

ஜூன் 13

"நிறுத்துங்க" என்றாள் இன்று. "மாதவன் எப்பப் பழனிக்குப் போனான்?"

"நேத்தே போய்ட்டானே."

"நேத்து ஜன்னல் சீட்டுல துண்டு போட்டு அவளுக்கு இடம் பிடிச்சுட்டு உக்காந்திருந்தான். அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

புத்தகத்தைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

"எனக்குக் கண்ணுதாங்க போயிருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. விட்ட இடத்திற்குப் போய் ஒரு வரி விடாமல் வாசித்தேன். அந்த விடுபட்ட பக்கங்களில்தான் கயல்விழி முதன்முதலாக அவன் பெயரைக் கேட்கிறாள்.

ஜூலை 3

இன்று வாசித்த பகுதி: பேருந்தில் கயல்விழி இரண்டு தடவை இருமுகிறாள். மாதவன் ஒன்றும் கேட்பதில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த ஊர்வரை போய், மருந்துக் கடை தேடி, திரும்பி வந்து, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். நர்ஸுக்கு இருமல் மருந்து கிடைக்காதா என்று வாட்ச்மேன் சிரிக்கிறான்.

பாதியில் நின்றுவிட்டேன்.

"என்னங்க?"

"தொண்டை கட்டுது."

"தண்ணி குடிச்சுட்டு வாங்க."

அடுக்களைக்குப் போய் விளக்கைப் போடாமல் நின்றேன். திரும்பி வந்து, "மிச்சத்தை நாளைக்கு வாசிக்கலாம்" என்றேன். சரி என்றாள். நான் இருக்கும் பக்கம்தான் முகத்தை வைத்திருந்தாள். ஆனால் எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

ஜூலை 19

'நீ ஏறிய பேருந்து' முடிந்தது. நல்ல நாவல். வேறு என்ன எழுதுவது?

ஆகஸ்ட் 8

நான்காவது ஊசி இன்று போட்டாயிற்று. வலது கண் மேலும் கெடவில்லை, ஆனால் எழுத்து தெரியாது என்று டாக்டர் திட்டமாகச் சொல்லிவிட்டார். திரும்பும்போது ரஞ்சிதம் சொன்னாள், "உங்க கதையும் ஒண்ணு வாசிங்க. எத்தனை நாள் என் கதையையே வாசிப்பீங்க? ஒரு அத்தியாயம் உங்களுது, ஒரு அத்தியாயம் என்னுது."

எனக்காகச் சொல்கிறாள். எனக்காக அவள் எதுவும் செய்யாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

ஆகஸ்ட் 21

'சலாபத்துச் சாவு' ஆரம்பித்தோம். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிக்கும் காலம், அதற்குச் சலாபம் என்று பெயர். டச்சுக்காரர்கள் கரையில் கூடாரம் போட்டுக் காவலிருக்கிறார்கள். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான், மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் உடனே இழுத்துவிட வேண்டும். பெரும்பாலும் மச்சினன்தான் பிடிப்பானாம், தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் என்பதால். ஊரிலேயே சிறந்த குளியாள் ஒருவன் ஒருநாள் மேலே வரவில்லை. உடம்பில் காயமில்லை. யார் கொன்றது?

நான் டச்சு அதிகாரியைச் சந்தேகித்தேன்.

செப்டம்பர் 2

பாதிப் புத்தகம்கூட ஆகவில்லை. ரஞ்சிதம் கண்டுபிடித்துவிட்டாள்.

"மச்சினன்தான்" என்றாள், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே. தடவித் தடவி இப்போது நன்றாகவே நறுக்குகிறாள்.

"அவன் எப்படி? அவன் படகை விட்டு எறங்கவே இல்லையே. கத்தியும் இல்ல, விஷமும் இல்ல."

"எதுக்குங்க கத்தி? கீழ இருக்கறவன் கயித்தை இழுத்திருப்பான். மேல இருக்கறவன் கைக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கான். அவ்வளவுதான்."

"வேணும்னே செஞ்சிருப்பான்னு எப்படிச் சொல்ற? கவனிக்காம இருந்திருக்கலாம்ல?"

கொஞ்சம் வேகமாகவே கேட்டுவிட்டேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கவனிக்கத்தானே அவனை அங்க உக்கார வெச்சது?"

மேற்கொண்டு வாசிக்கவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, பதிவு செய்யப் போனேன்.

செப்டம்பர் 9

மச்சினன்தான்.

அக்டோபர் 20

தீபாவளி. தேன்மொழியும் மாப்பிள்ளையும் குழந்தையும் வந்திருக்கிறார்கள். நான் வாசிப்பதையும் ரஞ்சிதம் கேட்பதையும் தேன்மொழி போனில் படம் பிடித்து எங்கெங்கோ அனுப்பினாள். "என் அப்பா மாதிரி ஒருத்தர் எல்லாருக்கும் கிடைக்கணும்" என்று எழுதினாளாம். மாப்பிள்ளை அதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஓசூரில் யார் யாரோ இதயம் போட்டிருக்கிறார்கள்.

ரஞ்சிதம் அப்போது குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாய் எங்கே என்று விரலால் தொட்டுப் பார்த்து ஊட்டினாள். வளர்ந்த பிறகு இவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. போன வருடம் வந்தபோது கைக்குழந்தை, கோடைக்கு அவர்களால் வர முடியவில்லை.

நவம்பர் 16

டிசம்பர் பேச்சுக்காக யோசித்துப் பார்த்தேன். இந்த வருடம் பிடித்தவை: 'நீ ஏறிய பேருந்து' முதலில். 'சலாபத்துச் சாவு' இரண்டாவது. கொடைக்கானலில் பழைய தபால்காரரின் மகளும் வானிலை ஆய்வு நிலையத்து ஊழியனும் காதலிக்கும் 'மேகம் பதினாறு' மூன்றாவது. 'மூன்றாம் மணியோசை' நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நினைத்தாலே மார்ச் மாதம் ஞாபகம் வருகிறது. சேர்க்கப் போவதில்லை.

உண்மையைச் சொன்னால், இந்த வருடம்போல் எந்த வருடமும் நான் ரசித்துப் படித்ததில்லை. வாய்விட்டு வாசிக்கும்போது, அவள் 'ம்' போடும்போது, அடுத்து என்ன நடக்கும் என்று இருவரும் சண்டை போடும்போது, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எதை விலையாகக் கொடுத்து இந்தச் சந்தோஷம்? கொடுத்தது நானும் இல்லை. எழுதவே கூசுகிறது.

டிசம்பர் 14

கூட்டத்துக்கு ரஞ்சிதமும் வந்தாள். தனக்குப் பிடித்த நாவலைப் பற்றி என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்க ஆசை. மாம்பழ நிறப் புடவை. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அந்தோணிராஜ் அறிமுகம் செய்தார். "மனைவிக்குக் கண்ணாக இருந்து இந்த ஆண்டு முழுக்க வாசித்துக் காட்டியவர். நாம் புத்தகத்தில் படிக்கும் காதலை வீட்டில் நடத்திக் காட்டுபவர்." கைதட்டினார்கள். ரஞ்சிதமும் தட்டினாள்.

நான் 'நீ ஏறிய பேருந்து' என்று ஆரம்பித்தேன். இருமல் மருந்து வாங்கப் போகிற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் போக முடியவில்லை. என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. "நான் மாதவன் இல்லை. என் மனைவி பிப்ரவரியிலேயே சொன்னாள். நான் கேலி செய்தேன். மார்ச்சில் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். நான் கதை படித்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடமும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பாராட்டாதீர்கள்." இவ்வளவும் மைக்கில் சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

 பிறகு யாரோ எழுந்து தட்டினார்கள். எல்லோரும் எழுந்து தட்டினார்கள். முதல் தடவையைவிடப் பலமாக. கீழே இறங்கியதும் அந்தோணிராஜ் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இதைச் சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும் சார்." ஒரு பேராசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு மார்பிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

ரஞ்சிதத்தோடு ஆட்டோவில் திரும்பினேன். மணிக்கூண்டு தாண்டியதும், "சொல்லிட்டேன்ல ரஞ்சிதம்" என்றேன்.

"கேட்டுச்சு. கை தட்டினதும் கேட்டுச்சு."

"மனசு தாங்கல, அதான்..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஏழு மாசமா ஒரே வீட்டுல இருக்கோம். எங்கிட்ட சொல்லாததை மைக்ல போய்ச் சொல்றீங்க. என் கண்ணைக் கொண்டு போய் மேடையில வெச்சு, அதுக்கும் கைத்தட்டல் வாங்கிட்டு வர்றீங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

டிசம்பர் 15

வாசிக்க வேண்டாம் என்றாள்.

டிசம்பர் 16

வாசிக்க வேண்டாம் என்றாள். ரேடியோ வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 18

தேன்மொழிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "உங்கம்மா சொன்ன உடனே நான் கூட்டிட்டுப் போகலம்மா. மூணு மாசம் சும்மா இருந்துட்டேன். நீ பாராட்டினப்பவும் பேசாம இருந்தேன்."

 "அம்மாகிட்ட போனைக் குடுங்க" என்றாள்.

கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனேன். ரஞ்சிதத்தின் குரல் மட்டும் கேட்டது. "ம்... ம்... இல்லடி... தெரியும்... சாப்புடுறாரு... ம்..." திரும்ப என்னிடம் போன் வரவில்லை.

டிசம்பர் 21

பிற்பகல். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இங்க வந்து உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு ஊருக்குச் சொன்னதை இப்ப எங்கிட்டச் சொல்லுங்க."

இதற்கு மைக் எவ்வளவோ சுலபமாக இருந்தது.

"தப்பு நடந்துபோச்சு ரஞ்சிதம்."

"நடந்துபோச்சா? தானா நடந்துச்சா?"

"இல்ல. நான்தான்... நீ சொன்னதை நான் காதுல வாங்கல. நீ படிக்கறதை நான் என்னைக்கும் மதிச்சதில்ல. வரி வளையுதுன்னு நீ சொன்னப்ப, உன் புத்தகத்தைப் பத்தின பேச்சுதானேன்னு விட்டுட்டேன். நீ உன் கண்ணைப் பத்தி சொல்றேன்னு தோணவே இல்ல. டாக்டர் கேட்டப்ப, நீ பொய் சொல்லிக் காப்பாத்துறியேன்னு கம்முனு இருந்துட்டேன்."

கீரைக்காம்பு ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"உங்களைக் காப்பாத்தவா?" என்றாள். "நல்லா இருக்கே. எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. அந்த டாக்டர் பொண்ணுக்கு என் மக வயசு கூட இருக்காது. அதுகிட்ட, மூணு மாசமாத் தெரியும், வீட்டுக்காரர் எந்திரிச்சு வருவாருன்னு காத்துட்டு இருந்தேன்னு எப்படிச் சொல்வேன்? தெரு முக்குல பஸ்ஸு. ரஹ்மத்தைக் கூப்பிட்டா ஓடி வந்திருக்கும். என் கண்ணுக்கு நான் போறதுக்கு உங்க உத்தரவு எதுக்கு? உங்க மேல கோவம் இருக்கு, இல்லைங்கல. அது போகும்போது போகட்டும். ஆனா என் மேல இருக்கற கோவத்தை என்ன செய்ய?"

  தட்டைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி உள்ளே போனாள்.

டிசம்பர் 24

அவளாகவே, "'மேகம் பதினாறு' எழுதினவங்களோட வேற கதை இருக்கான்னு கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். நூலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். வாசித்தேன். 'ம்' போட்டாள். பழைய மாதிரி இல்லை. ஆனாலும் போட்டாள்.

டிசம்பர் 28

நேற்று ஊசி நாள். ரஹ்மத்தோடு போய் வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். நான் வரட்டுமா என்று கேட்டதற்கு, "இந்த ஒரு தடவை நானே போறேன்" என்றாள். பணப்பையில் சில்லறை இருக்கிறதா என்று அவளே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மாலையில் பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றேன். வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று மதுரை வண்டிகள் வந்து போயின. நான்காவது வண்டியிலிருந்து ரஹ்மத் இறங்கியது. பின்னால் ரஞ்சிதம், கறுப்புக் கண்ணாடியோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் படியைத் தேடி இறங்கினாள். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"யாரு?" என்றாள். பிறகு, "நீங்களா?" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அப்படியே இருக்காம். கெடலையாம். மொதல் தடவை எப்ப இருந்துன்னு கேட்டாங்கல்ல, அதையும் இன்னைக்குத் திருத்திச் சொல்லிட்டேன்."

ரஹ்மத் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தன் சொந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பியது.

ஆட்டோ கூப்பிடப் போனேன். "நடக்கலாம்" என்றாள் ரஞ்சிதம்.

"ரோடு தோண்டிப் போட்டிருக்கான். கையைப் பிடிச்சுக்க."

"வேணாம். நீங்க முன்னாடி போங்க, நான் வர்றேன்."

நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கூப்பிட்டாள்.

"அங்க இல்லங்க. நேரா நின்னா நீங்க தெரிய மாட்டீங்க. கொஞ்சம் இடது பக்கமா ஒதுங்கி நடங்க."

ஒதுங்கினேன்.

"இன்னும் கொஞ்சம்."

சாக்கடை ஓரம்வரை போனேன். எதிரே வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

"ம், இப்பத் தெரியுது. மெதுவாப் போங்க."

வீடுவரை அப்படியே நடந்தோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் பின்னால் வந்துகொண்டே இருந்தது.